பிழையா, பிரிட்டனா, அமெரிக்காவா?

ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டினால், "அமெரிக்காவில் இப்படித்தான் எழுதுவார்கள்" என்று பதில் வருவதுண்டு. நேர்மாறாகவும் நடக்கும். அமெரிக்கர் ஒருவர் சரியாக எழுதிய வாக்கியத்தை, நாம் படித்த இலக்கணப் புத்தகத்தில் அப்படி இல்லையே என்று அடித்துத் திருத்துவார்கள். கற்றுக்கொள்கிறவரை இரண்டுமே குழப்பும். 'ஐ ஜஸ்ட் ஏட்' என்று ஒருவர் சொன்னால் அது அமெரிக்க வழக்கு, பிழையில்லை. 'ஐ ஹேவ் ஈட்டன் யெஸ்டர்டே' என்று சொன்னால் லண்டனிலும் பிழை, நியூயார்க்கிலும் பிழை.

தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கும் பிரிட்டன், அமெரிக்கா என்ற பிரிவுக்கும் தொடர்பே கிடையாது. வாக்கியத்தைத் தமிழில் யோசித்து, அதன் வேற்றுமை உருபுக்கும் வினை முடிவுக்கும் ஈடாக ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துவிடுவதால் வருபவை அவை. அந்தப் பிழைகளிலிருந்தே தொடங்குகிறேன். பிரிட்டன், அமெரிக்க வேறுபாடு எங்கே குறுக்கிடுகிறதோ அங்கங்கே அதையும் சொல்லிவிடுகிறேன்.

'போயிருந்தேன்' படுத்தும் பாடு

"போன வாரம் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன்" என்பது நல்ல தமிழ். போய்விட்டு வந்தாயிற்று, அங்கே நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லப் போகிறேன் என்ற தொனி அந்த 'இருந்தேன்' என்ற முடிவில் இருக்கிறது. இதையே 'லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் டு த டாக்டர்' என்று ஆக்கிவிடுகிறோம். ஆங்கில 'ஹேட்' இந்த வேலையைச் செய்யாது. இறந்தகாலத்தில் நடந்த இரண்டு செயல்களில் எது முந்தியது என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. இரண்டாவது செயல் எங்கும் இல்லாவிட்டால், படிப்பவர் அதற்காகக் காத்திருப்பார்.

அலுவலக மின்னஞ்சலில் இது அடிக்கடி வரும்: 'ஐ ஹேட் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே.' ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இந்த வாக்கியம் பாதியில் நிற்பதுபோல் இருக்கும். அனுப்பியிருந்தார், சரி, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? கோப்பு தொலைந்துவிட்டதா, மாற்றிவிட்டாரா? நடந்தது வெறும் அனுப்புதல்தான் என்றால் 'ஐ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே' போதும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. 'ஹேட்' போட்ட வாக்கியத்தைப் பார்த்து "எதற்கு முன்னால்?" என்று கேளுங்கள். அந்த வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ பதில் இருந்தால் 'ஹேட்' இருக்கட்டும். இல்லையென்றால் எடுத்துவிட்டுச் சாதாரண இறந்தகாலமாக்குங்கள். 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்' என்பதில் கேள்விக்குப் பதில் இருக்கிறது: நான் போய்ச் சேருவதற்கு முன்னால். இங்கே 'ஹேட்' விழுந்தால் பொருளே மாறும். 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் லெஃப்ட்' என்றால் நான் போன நேரத்தில், கண்ணெதிரே வண்டி கிளம்பியது என்று ஆகிவிடும்.

அடுத்தது 'ஹேவ்'. முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் 'ஹேவ்' வரக் கூடாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2015, இவையெல்லாம் கதவைச் சாத்திவிட்ட காலங்கள். 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2015' என்று விண்ணப்பங்களில் எழுதுகிறார்கள். ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் 'ஐ கம்ப்ளீட்டட்'. 'ஹேவ்' வேண்டுமானால் ஆண்டை எடுத்துவிட வேண்டும். இந்த விதியில் இரு நாடுகளுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

வேறுபாடு வருவது ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் என்ற மூன்று சொற்களில். பிரிட்டனில் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்று கேட்பார்கள். அமெரிக்கப் பேச்சில் 'டிட் யூ ஈட் யெட்?' என்பது மிக இயல்பு. ஆனால் 'ஹேவ்' போட்டுச் சொன்னால் அமெரிக்கரும் அதைத் தவறு என்று நினைக்க மாட்டார். ஆகவே கற்றுக்கொள்கிறவருக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு பக்கமும் செல்லும் வடிவம் ஒன்று இருக்கும்போது அதையே பழகிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் இதே முடிவுக்கு இன்னும் சில இடங்களில் வருவேன்.

'கெட்' என்ற வினைக்கு மூன்றாம் வடிவமாகப் பிரிட்டனில் 'காட்', அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டென்'. காட்டென் அமெரிக்கர்கள் இட்டுக்கட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இங்கிலாந்தில் வழங்கிய பழைய வடிவம் அது. அங்கே வழக்கொழிந்தது, கடல் தாண்டிப் போன இடத்தில் நிலைத்துவிட்டது. அமெரிக்கர் இரண்டையும் வைத்துக்கொண்டு பொருளையும் பிரிக்கிறார்: 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டென் எ கார்' என்றால் கார் வாங்கியிருக்கிறேன்.

காலத்தைப் பற்றி இன்னொன்று. "5 வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. இதில் பிழை இரண்டு. முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்கு 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். அடுத்து, கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. தமிழே இதற்கு வழிகாட்டும். '5 வருஷமாக' என்று 'ஆக' வந்தால் ஃபார். '2019-இலிருந்து' என்று 'இலிருந்து' வந்தால் சின்ஸ். சரியான வாக்கியங்கள்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்', 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019.'

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்' வகைப் பிழைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. உடைமை, அறிவு, விருப்பம் இவற்றைச் சொல்லும் வினைகளில் 'இங்' வராது. சாப்பிடுவது, குளிப்பது போன்ற செயல்களைச் சொன்னால் 'ஹேவிங்' சரி.

ஆமாமா, இல்லையா

"நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கேட்டால், சாப்பிடாதவர் தமிழில் "ஆமாம், சாப்பிடவில்லை" என்கிறார். கேட்டவர் சொன்னது சரி என்பதை அந்த 'ஆமாம்' ஒப்புக்கொள்கிறது. ஆங்கில 'யெஸ்', 'நோ' அப்படி இயங்குவதில்லை. கேள்வி எந்த வடிவில் வந்தாலும் அவை கவலைப்படாது. பதிலில் வரும் வினையைப் பொறுத்தே அவை அமையும். சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ.

'ஹேவன்ட் யூ ரிசீவ்ட் த பேமென்ட்?' என்று தொலைபேசியில் ஒருவர் கேட்கிறார். பணம் வரவில்லை. நாம் 'யெஸ்' என்று சொல்லி நிறுத்தினால், பணம் வந்துவிட்டது என்று அவர் குறித்துக்கொள்வார். பிரிட்டிஷ்காரரானாலும் அமெரிக்கரானாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். இலக்கணப் பிழைகள் பலவற்றில் கேட்பவர் பொருளை ஊகித்துக்கொள்ளலாம். இதில் ஊகிக்க இடமே இல்லை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எதிர்மறைக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல், 'நோ, வீ ஹேவன்ட்' என்றோ 'யெஸ், வீ ஹேவ்' என்றோ வினையையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். வினையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதே சரியான முதல் சொல் வாயில் வந்துவிடும்.

'இல்லையா?' என்ற ஒரே சொல்லை எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் ஒட்டுவது தமிழ். அதுதான் 'யூ ஆர் கமிங், இஸ்ன்ட் இட்?' ஆகிறது. ஆங்கிலத்தில் இப்படிப் பின்னால் ஒட்டும் வால், முன்னால் வந்த வினையைப் பின்பற்ற வேண்டும்: 'யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?', 'ஷீ லெஃப்ட், டிட்ன்ட் ஷீ?' கணக்குப் போட நேரமில்லாதபோது 'ரைட்?' என்று கேட்டுவிடலாம். பேச்சில் அது இரு நாட்டிலும் ஏற்கப்படும். அமெரிக்காவில் இன்னும் சகஜம்.

கேள்விக்குள் கேள்வியிலும் கவனம் வேண்டும். 'டெல் மீ வேர் இஸ் த ஸ்டேஷன்' தவறு. 'டெல் மீ வேர் த ஸ்டேஷன் இஸ்' சரி. வெளியே இன்னொரு வினை வந்துவிட்டால் உள்ளே இருப்பது கேள்வி வரிசையை இழந்து சாதாரண வாக்கியமாகிவிடும்.

உருபுக்கு உருபு

ஆங்கில முன்னிடைச்சொற்களில் நாம் செய்யும் பிழைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதைவிட, எந்தத் தமிழ் உருபு எந்தப் பிழையைக் கொண்டுவருகிறது என்று பார்த்தால் மறக்காது.

'க்கு' வரும் இடத்திலெல்லாம் 'டு' போடுகிறோம். வீட்டுக்குப் போனேன், 'ஐ வென்ட் டு ஹோம்'. வெளிநாட்டுக்குப் போனார், 'ஹி வென்ட் டு அப்ராட்'. ஹோம், அப்ராட், ஹியர், தேர், டவுன்ஸ்டேர்ஸ் ஆகியவை இங்கே வினையடைகள். 'க்கு' அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. 'வென்ட் ஹோம்', 'வென்ட் அப்ராட்' போதும். 'எனக்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள்' என்பதிலிருந்து 'சஜஸ்ட் மீ எ புக்', 'எனக்கு விளக்குங்கள்' என்பதிலிருந்து 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'. சஜஸ்ட், எக்ஸ்ப்ளெய்ன் இரண்டும் ஆளை நேரே பின்னால் ஏற்காதவை. 'சஜஸ்ட் எ புக் டு மீ', 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்று எழுத வேண்டும்.

'பற்றி' வந்தால் 'அபவுட்'. 'வீ டிஸ்கஸ்ட் அபவுட் த பட்ஜெட்' என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். டிஸ்கஸ் என்ற வினைக்குள் 'பற்றி' அடங்கிவிட்டது. டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லானால் அபவுட் திரும்ப வரும்: 'வீ ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்.' இதேபோல் ரெக்வெஸ்ட், ஆர்டர் இரண்டும் வினையாக வரும்போது 'ஃபார்' வேண்டாம். பெயராக வரும்போது வேண்டும்: 'எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்', 'ஐ ரெக்வெஸ்டட் லீவ்.'

'மேல்' வந்தால் 'ஆன்'. அவர்மேல் கோபம், 'ஆங்க்ரி ஆன் ஹிம்'. இது எங்கும் இல்லாத வடிவம். 'ஆங்க்ரி வித் ஹிம்' இரு நாட்டிலும் சரி, 'அட் ஹிம்' என்பதும் செல்லும். 'யாரோடு கல்யாணம்?' என்பதிலிருந்து வருவது 'மேரீட் வித்'. சரியானது 'மேரீட் டு'.

இந்த இடத்தில்தான் "அமெரிக்காவில் சொல்வார்களே" என்ற சந்தேகம் அதிகம் வரும். உண்மையான வேறுபாடுகள் சில இருக்கின்றன. வாரக் கடைசியில் என்பதற்குப் பிரிட்டனில் 'அட் த வீக்கெண்ட்', அமெரிக்காவில் 'ஆன் த வீக்கெண்ட்'. படிவத்தை நிரப்புவது பிரிட்டனில் பெரும்பாலும் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. 'எனக்குக் கடிதம் எழுது' என்பதற்கு அமெரிக்கர் 'ரைட் மீ' என்பார். பிரிட்டிஷ்காரருக்கு 'ரைட் டு மீ' என்று வேண்டும். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு பிரிட்டனில் 'அப்பீல் அகென்ஸ்ட் த டிசிஷன்', அமெரிக்காவில் 'அப்பீல் த டிசிஷன்'. வேறுபட்டது என்று சொல்ல 'டிஃபரென்ட் ஃப்ரம்' இரு பக்கமும் செல்லும். 'டிஃபரென்ட் டு' பிரிட்டிஷ் பேச்சு, 'டிஃபரென்ட் தேன்' அமெரிக்க வழக்கு. ஃப்ரம் என்றே வைத்துக்கொண்டால் எங்கும் வம்பில்லை.

பொருளே மாறக்கூடிய ஒன்றும் இதில் உண்டு. 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்று அமெரிக்கர் எழுதினால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. 'மண்டே டு ஃப்ரைடே' என்று எழுதும்போது கடைசி நாள் சேருமா என்ற ஐயம் சில சமயம் எழும். ஒப்பந்தம், விடுப்புக் கடிதம் போன்றவற்றில் 'இன்க்ளூசிவ்' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்: 'ஃப்ரம் 4 டு 9 ஜூன் இன்க்ளூசிவ்.'

'த' என்ற சிறு சொல்

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆகவே எங்கே போட வேண்டும் என்பது காதுக்குத் தானாகப் பிடிபடாது. குறைந்தபட்சமாக ஒரு விதி: எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் தனியாக நிற்கக் கூடாது. அதன் முன்னால் ஏ, அன், த, மை, திஸ் என்று ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். 'ஐ பாட் கார்' என்பதைப் பார்த்தவுடன் உறுத்த வேண்டும்.

ஏ, அன் இரண்டில் எது என்பதை எழுத்து தீர்மானிக்காது, ஒலிதான் தீர்மானிக்கும். யுனிவர்சிட்டி 'யூ' என்று தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி'. ஹவர் என்று நாம் எழுதினாலும் முதல் எழுத்து ஊமை, ஒலிப்பது 'அவர்'. ஆகவே 'அன் அவர்'. எம்.பி.ஏ. 'எ' ஒலியில் தொடங்குவதால் 'அன் எம்.பி.ஏ.' மூலிகையைக் குறிக்கும் சொல்லில் நாடு குறுக்கிடுகிறது. பிரிட்டனில் ஹகரத்தை ஒலித்து 'எ ஹெர்ப்', அமெரிக்காவில் அதை விட்டுவிட்டு 'அன் எர்ப்'. இரண்டும் சரி.

மருத்துவமனை விஷயமும் இப்படித்தான். பிரிட்டனில் 'ஹி இஸ் இன் ஹாஸ்பிட்டல்' என்றால் நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார். 'இன் த ஹாஸ்பிட்டல்' என்றால் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார், ஒருவேளை யாரையாவது பார்க்கப் போயிருக்கலாம். அமெரிக்கர் நோயாளிக்கும் 'இன் த ஹாஸ்பிட்டல்' என்றே சொல்வார். ஆனால் 'ஐ ஆம் கோயிங் டு ஆஃபிஸ்' இரு பக்கமும் பிழை. 'டு த ஆஃபிஸ்' என்று சொல்லலாம், இல்லாவிட்டால் 'டு வொர்க்'.

எண்ணிக்கையில் இரண்டு சொல்லிவிட்டு நகர்கிறேன். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், லக்கேஜ் இவற்றுக்குப் பன்மை 'எஸ்' கிடையாது. 'ஒன் ஆஃப் மை' என்று தொடங்கினால் அடுத்து பன்மைதான்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. குழுவைக் குறிக்கும் சொற்களில் மட்டும் நாடு பார்க்க வேண்டும். 'த டீம் ஆர் ப்ளேயிங் வெல்' என்று பிரிட்டிஷ் செய்தியாளர் சொல்வார், அமெரிக்கர் 'த டீம் இஸ்' என்றே சொல்வார். போலீஸ் மட்டும் எங்கும் பன்மை: 'த போலீஸ் ஆர்'.

ஒரே சொல், இரண்டு பொருள்

லிஃப்ட், எலிவேட்டர், பெட்ரோல், கேஸ், ஃப்ளாட், அப்பார்ட்மென்ட் என்று இணைச்சொல் பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். அவற்றால் பெரிய சேதம் வராது. புரியாவிட்டால் எதிரில் இருப்பவர் கேட்டுவிடுவார். சேதம் வருவது, ஒரே சொல் இரு நாட்டிலும் இருந்து பொருள் மட்டும் வேறாகும்போது. அப்போது இருவருமே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

கூட்டங்களில் வரும் 'டேபிள்' இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்தால் விவாதத்துக்கு முன்வைக்கிறார்கள். அமெரிக்காவில் 'டேபிள்' செய்தால் விவாதத்தைத் தள்ளிவைக்கிறார்கள். நேர் எதிர். இரு நாட்டவரும் இருக்கும் கூட்டத்தில் இந்தச் சொல்லையே தொடாமல், 'ரெய்ஸ்' என்றோ 'போஸ்ட்போன்' என்றோ சொல்வதுதான் நல்லது.

'கொய்ட் குட்' இன்னும் நுட்பமானது. அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் பரவாயில்லை ரகம். மேலதிகாரி உங்கள் அறிக்கையைப் பற்றி இப்படி எழுதியிருந்தால், அவர் எந்த நாட்டவர் என்று பார்த்துவிட்டு மகிழுங்கள்.

'ஸ்கீம்' பிரிட்டனில் வெறும் திட்டம். ஓய்வூதியத் திட்டம்கூட 'பென்ஷன் ஸ்கீம்'. அமெரிக்கக் காதில் அதற்குச் சூழ்ச்சி வாடை அடிக்கும், ஆகவே 'ப்ரோக்ராம்' அல்லது 'ப்ளான்' என்று எழுதுங்கள். 'ஹோம்லி' பிரிட்டனில் வீட்டுச் சூழலின் இதத்தைச் சொல்வது. அமெரிக்காவில் ஒருவரை அப்படிச் சொன்னால் அழகில்லாதவர் என்று பொருள். 'ரப்பர்' பிரிட்டனில் அழிப்பான், அமெரிக்காவில் ஆணுறை. அங்கே அழிப்பானுக்கு 'இரேசர்'. 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' பிரிட்டனில் தரைத்தளத்துக்கு மேலே உள்ளது, அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே. 'பில்லியன்' என்பது பழைய பிரிட்டிஷ் நூல்களில் லட்சம் கோடி. 1974-இல்தான் பிரிட்டிஷ் அரசு அமெரிக்கக் கணக்கான 100 கோடியை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

படிப்பை முடித்தேன் என்பதற்கு 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்று எழுதுகிறோமே, அதை இரு நாட்டவரும் முதலில் 'மயங்கி விழுந்தேன்' என்றுதான் படிப்பார்கள். 'ஐ கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள்.

தேதி எழுதும் முறையைத் தனியாகவே சொல்ல வேண்டும். 03/04 என்று எழுதினால் பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. நாள் 12-க்கு மேல் போனால் தவறு உடனே தெரிந்துவிடும். 12-க்குள் இருந்தால் யாரும் கவனிக்காமலே போய்விடும், அதுதான் ஆபத்து. மாதத்தை எழுத்தில் எழுதுவதைவிடச் சிறந்த தீர்வு இல்லை.

எழுத்துக்கூட்டல்

இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-இல் வந்தது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டரின் பெரிய அகராதி 1828-இல், ஏறக்குறைய 70,000 சொற்களோடு வந்தது. இன்று நாம் காணும் எழுத்து வேறுபாடுகளில் பல இந்த இரண்டின் செல்வாக்கால் நிலைபெற்றவை. கலர் என்ற சொல்லில் 'யு' இல்லாத வடிவத்தை வெப்ஸ்டர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்திலேயே இரண்டும் புழங்கின; அவர் சிக்கனமானதைத் தேர்ந்தெடுத்தார். நாக்கைக் குறிக்கும் 'டங்' என்ற சொல்லை டி-யு-என்-ஜி என்று எழுதவும் அவர் விரும்பினார். அதை மக்கள் ஏற்கவில்லை.

கலர், ஹானர், லேபர் போன்றவற்றில் பிரிட்டனில் 'யு' உண்டு, அமெரிக்காவில் இல்லை. சென்டர், தியேட்டர் பிரிட்டனில் 'ஆர்-இ' என்று முடியும், அமெரிக்காவில் 'இ-ஆர்'. அளவையான மீட்டரைப் பிரிட்டனில் 'ஆர்-இ' போட்டு எழுதுவார்கள், ஆனால் மின்சார மீட்டர் போன்ற கருவி எங்கும் 'இ-ஆர்' தான். ட்ராவல்டு என்பதில் பிரிட்டனில் இரண்டு 'எல்', அமெரிக்காவில் ஒன்று. இதைப் பார்த்துவிட்டு, பிரிட்டன் என்றால் இரட்டை என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபுல்ஃபில், என்ரோல், ஸ்கில்ஃபுல் ஆகியவற்றில் கணக்கு தலைகீழ்: என்ரோல் பிரிட்டனில் ஒற்றை 'எல்', அமெரிக்காவில் இரட்டை.

ஆர்கனைஸ், ரியலைஸ் போன்றவற்றில் 'இசட்' போட்டால் அமெரிக்கா, 'எஸ்' போட்டால் பிரிட்டன் என்று சொல்லித்தருவது பாதி உண்மை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே 'இசட்' வடிவத்தைத்தான் முதன்மையாக வைக்கிறது. ஆனால் அனலைஸ், பாரலைஸ் இரண்டும் பிரிட்டனில் 'எஸ்' மட்டுமே.

அதிகம் தடுக்குவது ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும். வழி இது: அட்வைஸ் என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சொல்லில் 'சி', வினையில் 'எஸ்', ஒலியிலும் வேறுபாடு கேட்கும். பிரிட்டிஷ் முறையில் ப்ராக்டிஸும் லைசென்ஸும் இதே பாதையில் போகும், பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. அமெரிக்க முறையில் ப்ராக்டிஸ் எப்போதும் 'சி', லைசென்ஸ் எப்போதும் 'எஸ்'. அட்வைஸில் மட்டும் இரு நாடும் ஒன்று.

எதைப் பின்பற்றுவது என்று கேட்டால், படிப்பவர் எந்த நாட்டவரோ அந்த முறை. அது தெரியாதபோது எதுவானாலும் சரி, ஆனால் தொடக்கம் முதல் கடைசிவரை அதே முறை. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் இரண்டு எழுத்துமுறைகளும் ஏற்கப்படும். ஒரே கட்டுரையில் முதல் பத்தியில் 'யு' போட்ட கலரும் மூன்றாம் பத்தியில் 'யு' போடாத ஃபேவரும் வந்தால், எழுதியவர் கவனிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

எழுதியதைச் சரிபார்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேட வேண்டாம். ஒரு வாசிப்புக்கு ஒரு விஷயம். முதல் முறை 'ஹேட்', 'ஹேவ்' உள்ள இடங்களை மட்டும் பார்த்து, "எதற்கு முன்னால்?" என்று கேளுங்கள், காலச்சொல் ஏதும் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது முறை ஒருமைப் பெயர்ச்சொற்களின் முன்னால் என்ன நிற்கிறது என்று மட்டும். மூன்றாவது முறை டு, அபவுட், ஆன் ஆகியவற்றை மட்டும். எழுத்துக்கூட்டலை வேர்ட் மென்பொருளிடம் விட்டுவிடலாம், ஆனால் எந்த ஆங்கிலம் என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். கன்ட்ரோல் விசையோடு 'ஏ' விசையை அழுத்தி முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுங்கள். ரிவ்யூ பட்டியில் லாங்குவேஜ், அதற்குள் செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ் என்று போய், யுனைடெட் கிங்டம் அல்லது யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். இதைக் கடைசியில் செய்ய வேண்டும். வேறோர் ஆவணத்திலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டினால், அது தன் பழைய மொழி அமைப்பையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடும். அப்போது ஒரு பக்கத்தில் பாதி பிரிட்டிஷ் முறையிலும் பாதி அமெரிக்க முறையிலும் சரிபார்க்கப்படும். எங்கும் சிவப்புக் கோடு தெரியாது, கலப்பு அப்படியே இருக்கும்.